ஒரே தொடர், ஒரே வீடு, ஏன் இரண்டு தீர்ப்பு?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். புதிதாக வந்த ஒரு மாயக்கதைத் தொடரை வெள்ளவத்தையில் உங்கள் வீட்டில் எல்லாருமாக இருந்து பார்த்திருக்கிறீர்கள். கொஞ்சம் பகிடி, கொஞ்சம் சாவு, கொஞ்சம் காதல், எல்லாம் ஒரு மாதிரியான கலவை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவும் அண்ணாவும் இருபது நிமிடத்தில் எழும்பிப் போய்விட்டார்கள். "விசர்க்கதை" என்று அண்ணா சொல்லியிருக்கிறார். நீங்களும் மச்சாளும் அன்றிரவே நான்கு பகுதிகளைப் பார்த்து முடித்துவிட்டீர்கள். பிறகு இணையத்தில் தேடினால் அங்கேயும் ஒரு பக்கம் பத்துக்குப் பத்து, மறுபக்கம் பத்துக்கு ஒன்று. "இதில் யார் சொல்வது சரி?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: உங்களுக்குப் பிடித்திருந்தது, மற்றவர்கள் எழுதியதை வாசித்த பிறகு அதை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. உண்மையில் நீங்கள் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். பார்வையாளர் காட்டும் முகத்தை வைத்து ஒரு தொடரின் தரத்தை அறிய முடியுமா? முடியுமென்றால் எந்த அளவுக்கு? தொடரின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. நல்லதாகப் போயிற்று. பெயர் வந்திருந்தால் இங்கே சண்டைதான் வந்திருக்கும்.

நான் கொழும்பில் ஒரு தமிழ் அலைவரிசைக்காக வெளிநாட்டுத் தொடர்களைத் தெரிவு செய்வதிலும், தமிழ் டப்பிங் மேற்பார்வையிலும், சப்டைட்டில் திருத்துவதிலும் நெடுங்காலம் வேலை செய்தவன். ஒளிபரப்புக்கு முன் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு ஓர் அறையில் இருத்திப் போட்டுக் காட்டுவோம். கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை, வத்தளை, பம்பலப்பிட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். என் வேலை திரையைப் பார்ப்பதல்ல, அவர்களைப் பார்ப்பது. ஆகவே கீழே வருவதில் ஒரு பகுதி எல்லாரும் சரிபார்க்கக்கூடிய தகவல், ஒரு பகுதி அந்த அறையில் கண்டது. அந்த அறையை ஆய்வுகூடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்துப் பேரை வைத்து ஒரு நாட்டைச் சொல்ல முடியாது. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதில் தொடங்குகிறேன். உங்கள் அம்மாவுக்கு மாயக்கதை பிடிக்காது என்று முடிவு கட்டாதீர்கள். நம்முடைய வீடுகளில் மாயம் இல்லாத மாலை எப்போது இருந்தது? 2017இல் சன் தொலைக்காட்சியில் வந்த 'நந்தினி'யில் பாம்பு பெண்ணாக வந்தது. ஹிந்தியிலிருந்து டப்பிங்காகி வந்த 'நாகினி'யும் அதே வகைதான். கொழும்பில் எத்தனையோ வீடுகளில் அவை ஓடின. பாம்பு எப்படி மனுஷியாகும் என்று எந்த அம்மாவும் கேட்கவில்லை. ஏனென்றால் அந்தக் கதையின் சட்டங்கள் நம் வீட்டிலேயே இருக்கின்றன. பாம்புக்குத் தீங்கு செய்தால் அது பழிவாங்கும், தெய்வத்துக்கு நேர்ந்ததைச் செய்யாவிட்டால் அது கேட்டு வரும், கெட்டவன் கடைசியில் அழிவான். இவற்றைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தொடர் எதையும் விளக்க வேண்டியதில்லை. விசித்திரமான புதுத் தொடரோ தன் சட்டங்களைத் தானே வகுத்துக்கொண்டு வருகிறது. முதல் அரை மணித்தியாலம் முழுக்க, தெரியாத ஊரின் சட்டங்களைப் படிக்கும் வேலை பார்வையாளருக்கு. சிலருக்கு அது விளையாட்டு, சிலருக்குச் சுமை.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. என் அனுபவத்தில் இதுதான் முக்கியமானது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்றும் சொல்கிறது. நகை பிறப்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கிலிருந்து. மருட்கை, அதாவது வியப்பு, பிறப்பது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கிலிருந்து. ஆக்கம் என்பதற்கு ஒன்று இன்னொன்றாக மாறுவதைக் கண்டு வியத்தல் என்று உரைகாரர் பொருள் சொல்வார்கள். மாயக்கதைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. இப்போது பாருங்கள்: சிரிக்கும்போது நாம் ஒன்றைவிட்டுக் கொஞ்சம் விலகி, கொஞ்சம் மேலே நிற்கிறோம். வியக்கும்போது அதற்குக் கீழே நிற்கிறோம். இந்த வகைத் தொடர் இரண்டையும் ஒரே நிமிடத்தில் கேட்கிறது. ஒரு சவம் எழும்பி உட்காருகிறது. அது பயமா, பகிடியா, சோகமா? தொடர் சொல்லாது. மூன்றும்தான் என்று நீங்களாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த அறையில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான். இப்படியான காட்சி வந்ததும் பாதிப் பேர் திரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள், சிரிக்கலாமா என்று கேட்பதைப் போல. பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் அந்த வரிசையே சிரிக்கும். அவர் புருவத்தைச் சுருக்கினால் அந்த வரிசைக்குத் தொடர் அங்கேயே முடிந்தது.

ஒரு பழைய உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். அதன் முழுக் கணக்கும் இப்போது நம் கையில் இருக்கிறது என்பதால் புதிய தொடரைவிட அது உதவும். 2007 ஒக்டோபர் 3ஆம் திகதி அமெரிக்காவில் ஏபிசி அலைவரிசையில் 'புஷிங் டெய்சீஸ்' என்றொரு தொடர் தொடங்கியது. உருவாக்கியவர் பிரையன் ஃபுல்லர். நாயகன் நெட், பழப் பை (உள்ளே பழம் வைத்துச் சுடும் பலகாரம்) செய்து விற்கும் கடைக்காரன். அவன் தொட்டால் செத்தது உயிர் பெறும். இரண்டாம் முறை தொட்டால் நிரந்தரமாகச் சாகும். உயிர் பெற்றது ஒரு நிமிடத்துக்கு மேல் உயிரோடு இருந்தால், அதற்கு ஈடாகப் பக்கத்தில் வேறொன்று சாகும். சிறுவயதில் இது தெரியாமல் செத்துப்போன தாயைத் தொட்டு எழுப்பிவிடுகிறான். ஒரு நிமிடம் கடந்ததும் எதிர்வீட்டுச் சிறுமியின் தகப்பன் விழுந்து சாகிறார். அன்றிரவு தூங்கப் போகும்போது தாய் அவனுக்கு முத்தம் கொடுக்கிறாள், அந்தத் தொடுகையில் அவளும் போய்விடுகிறாள். வளர்ந்தபின், கொலையுண்ட அதே எதிர்வீட்டுப் பெண்ணை எழுப்புகிறான். இனி அவளை வாழ்நாள் முழுக்கத் தொட முடியாது. இவ்வளவு துக்கமான கதையை அவர்கள் சொன்ன விதம் எப்படி? சாயப்பெட்டியைக் கவிழ்த்தது போன்ற நிறங்கள், தேவதைக் கதை சொல்வது போன்ற பின்னணிக் குரல், ஆளின் வயதை வருடம், கிழமை, நாள், நிமிடம் என்று எண்ணிச் சொல்லும் குறும்பு.

முதல் இரவில் ஏறக்குறைய 1 கோடி 30 லட்சம் பேர் பார்த்தார்கள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பார்வையாளர்கள் அன்றே இரண்டாகப் பிரிந்தார்கள். பிடித்தவர்கள் இதைப் போல ஒன்றைத் தொலைக்காட்சியில் கண்டதே இல்லை என்றார்கள். பிடிக்காதவர்கள் சொன்ன குறைகள் மூன்று: திகட்டுகிறது, பின்னணிக் குரல் ஓயவில்லை, இந்த ஒரு யோசனையை வைத்துக்கொண்டு கிழமைக்குக் கிழமை எப்படி ஓட்டுவார்கள். மூன்றையும் நான் முட்டாள்தனமான குறைகளாக நினைக்கவில்லை. முதலாவது சுவை சார்ந்தது. இரண்டாவதில் நியாயம் உண்டு. மூன்றாவது உண்மையில் குறையல்ல, குறையின் வடிவத்தில் வந்த கேள்வி. அதற்கு முதல் பகுதியில் பதில் இருக்கவே முடியாது, போகப் போகத்தான் வரும். வந்தது. தொட முடியாத காதலர் இருவரும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு முத்தமிடும் காட்சி ஒன்று இருக்கிறது. முதல் பகுதியில் வெறும் தந்திரமாகத் தெரிந்த சட்டம் அந்த இடத்தில் இரண்டு மனிதரின் வேதனையாக மாறிவிடுகிறது. அழுகிய பழத்தை நெட் தொட்டால் அது அப்போது பறித்தது போலாகும், அதில்தான் பை செய்வான். ஆனால் அவன் வாயில் வைத்தால் அது திரும்பவும் அழுகிவிடும். தன் கையால் செய்த பையைத் தான் தின்ன முடியாத கடைக்காரன்! இதைக் கண்டு சிரித்தவர்கள்தான் பிறகு இதே விஷயத்துக்கு மனம் கலங்கினார்கள். முதல் பகுதியோடு எழும்பிப் போனவர்களுக்கு முதல் பாதி மட்டும்தான் கிடைத்தது.

பிறகு நடந்ததும் பாடமானது. 2007 நவம்பர் 5ஆம் திகதி அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முதல் பருவம் ஒன்பது பகுதிகளோடு நின்றது. அடுத்த பருவம் 2008 ஒக்டோபரில்தான் வந்தது. திரும்பி வந்தபோது பார்வையாளர் எண்ணிக்கை முதல் இரவின் பாதிக்கும் கீழே போயிருந்தது. தொடரை நிறுத்தினார்கள், கடைசி மூன்று பகுதிகளை 2009 கோடையில் போட்டு முடித்தார்கள். மொத்தம் 22 பகுதிகள். இதற்கிடையில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எமி விருதுகள் ஏழு. இதில் உறுதியானது எது? இடைவெளி அதைக் காயப்படுத்தியது என்பது உறுதி. சட்டங்களைப் படித்துக்கொண்டு உள்ளே வந்தவர்கள் பத்து மாதத்தில் அவற்றை மறந்துவிடுவார்கள், வீதியில் நின்றவர்கள் உள்ளே வரப்போவதில்லை. வேலைநிறுத்தம் மட்டும் இல்லாவிட்டால் அது பல வருடம் ஓடியிருக்கும் என்று அதன் ரசிகர்கள் சொல்வது சந்தேகத்துக்குரியது. முதல் இரவின் கூட்டம் வேலைநிறுத்தத்துக்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது. எனக்கு இந்தத் தொடர் மிகவும் பிடிக்கும், இருந்தாலும் அதை மறைக்க மாட்டேன்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: முதல் கிழமைப் பிரதிபலிப்பு ஒரு தொடரின் யோசனையையும் மேற்பூச்சையும்தான் அளக்கிறது. அதில் வாழும் ஆட்களை அளக்க அதற்கு நேரமில்லை. நேரான குடும்ப நாடகத்தில் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்காது. விசித்திரத் தொடரில் தூரம் அதிகம். ஆகவே அங்கே முதல் தீர்ப்பு பிழைக்கும் வாய்ப்பும் அதிகம். இரண்டு பக்கமும் பிழைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் பத்துக்குப் பத்து போட்டவர்கள் எத்தனையோ பேர் ஐந்தாம் பகுதியில் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் திரும்பி வந்து புள்ளியை மாற்றுவதில்லை.

சரி, இணையத்தில் நீங்கள் கண்ட எண்களுக்கு வருவோம். இது எளிதில் சரிபார்க்கக்கூடியது, ஆகவே சுருக்கமாக. விமர்சனங்களைத் திரட்டும் ரொட்டன் டொமேட்டோஸ் தளம் காட்டும் சதவீதம் பரீட்சைப் புள்ளி மாதிரி வாசிக்க வேண்டியதல்ல. எத்தனை விமர்சகர்கள் "பரவாயில்லை" என்ற கோட்டைத் தாண்டிச் சொன்னார்கள் என்பது மட்டுமே அது. நூறு பேரும் "பார்க்கலாம், பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதினால் அந்தத் தொடருக்கு நூறு சதவீதம். அறுபது பேர் உயிரைக் கொடுப்போம் என்றும் நாற்பது பேர் தாங்க முடியவில்லை என்றும் எழுதினால் அறுபது சதவீதம். விசித்திரத் தொடர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அதனால் அவற்றின் சராசரியில் எந்த மனிதரின் கருத்தும் இருக்காது. பத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஐந்தரை என்று ஒரு எண் வரும், ஆனால் ஐந்தரை என்று நினைத்தவர் யாருமே இருக்க மாட்டார். பார்வையாளர்கள் புள்ளி போடும் ஐஎம்டிபி தளத்தில் எண்ணைத் தட்டினால் எத்தனை பேர் எத்தனை புள்ளி போட்டார்கள் என்ற பிரிவு வரும். இரண்டு ஓரமும் உயர்ந்து நடு பள்ளமாக இருந்தால், சராசரியை விட்டுவிட்டு இரண்டு ஓரத்திலும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசியுங்கள். பார்க்காமலே புள்ளி போடுகிறவர்களும் உண்டு. 2022இல் அமேசான், டோல்கியனின் கதை உலகமான மத்திய பூமியை வைத்து எடுத்த தன் பெரிய மாயக்கதைத் தொடர் வந்தபோது பார்வையாளர் விமர்சனங்களை 72 மணித்தியாலம் தடுத்து வைத்து, பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார்களா என்று சரிபார்த்தே வெளியிட்டது. நெட்ஃபிளிக்ஸ் வெளியிடும் "பார்வைகள்" வேறொரு கணக்கு. 2023 நடுப்பகுதியிலிருந்து, மொத்தமாகப் பார்க்கப்பட்ட மணித்தியாலங்களைத் தொடரின் நீளத்தால் வகுத்துத்தான் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். திட்டிக்கொண்டே முழுவதையும் பார்த்தவரும் அதில் ஒரு பார்வை. இவை எல்லாவற்றுக்கும் மேல், ஒன்றும் தோன்றாதவர் ஒன்றும் எழுதுவதில்லை. எழுதியவர்களை வைத்துப் பார்த்தவர்களை அளக்க முடியாது.

இனிக் கொழும்பு. நம்முடைய பிரதிபலிப்பு அமெரிக்கருடையதைப் போலவே இருக்கும் என்று எதிர்பார்க்கத் தேவையில்லை. அதற்கு மூன்று நடைமுறைக் காரணங்களைக் கண்டிருக்கிறேன். நெட்ஃபிளிக்ஸ் இலங்கைக்கு வந்தது 2016 ஜனவரியில். அதன் புதுத் தொடர்கள் கலிபோர்னியாவின் நள்ளிரவில் வெளியாகும், நமக்கு அது பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை. நாம் வேலை முடிந்து வந்து இரவில் போடுவதற்குள் உலகம் முழுக்கத் தீர்ப்பு எழுதி முடித்திருக்கும். உங்கள் அண்ணா பார்க்க உட்காரும் முன்பே கைபேசியில் ஏதாவது வாசித்திருந்தால், அவர் பார்த்தது தொடரையா தீர்ப்பையா என்பதே கேள்வி.

அடுத்தது, இரவுச் சாப்பாடு ஆயத்தமாகும் நேரம். இதை ஒரு தொழில் இரகசியம் என்றே சொல்லலாம். மாலை நாடகங்கள் குசினியிலிருந்து கேட்டுப் பின்தொடரக்கூடியதாகவே எடுக்கப்படுகின்றன. முக்கியமான வசனம் இரண்டு தரம் வரும். ஒருவர் அதிர்ந்தால் கமரா மூன்று தரம் அவர் முகத்துக்குப் போகும், கூடவே ஓர் இடிச்சத்தம். வெங்காயம் அரிந்துகொண்டே ஒருவர் கதையை விடாமல் பிடித்துக்கொள்ளலாம். இது கேலி செய்ய வேண்டிய விஷயமல்ல, பார்ப்பவரின் வாழ்க்கையை மதித்து வளர்ந்த கைவேலை. விசித்திரத் தொடரில் பகிடியில் பாதி கண்ணுக்குத்தான். சுவரில் தொங்கும் படம், பின்னால் மெதுவாக நகரும் பொம்மை, உடுப்பின் நிறம். குசினியிலிருந்து கேட்டால் விசித்திரமான குரல்கள் மட்டும்தான் வரும். உங்கள் அம்மா எந்த நேரத்தில், எங்கே இருந்து பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அடுப்படிக்கும் ஹோலுக்கும் நடந்துகொண்டே பார்த்திருந்தால், அவர் அந்தத் தொடரைப் பார்க்கவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாவது மொழி. ஆங்கிலத்தில் மளமளவென்று பேசும் தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் போடுவது கடினமான வேலை. இரண்டு வரி, சில நொடி, நம் சொற்களோ நீளம். பகிடியை முழுதாகக் கொண்டுவந்தால் வாசித்து முடியாது. சுருக்கினால் செய்தி மட்டும் நிற்கும், பகிடி போய்விடும். டப்பிங்கில் வேறு சிக்கல். சென்னைப் பேச்சுத் தமிழில் ஒரு மாயாவி பேசும்போது கொழும்புக் காதுக்கு அது திரைப்பட நகைச்சுவை நடிகரை நினைவூட்டும், உடனே வியப்பு போய்விடும். சிங்களத்தில் இதை அருமையாகச் செய்த ஒருவர் இருந்தார். 1982இல் தொடங்கிய அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த டப்பிங் பிரிவைக் கட்டியெழுப்பினார். 'பிஸ்ஸு பூசா', 'தொஸ்தர ஹொந்தஹித்த' என்ற கார்ட்டூன்கள் எல்லாம் அவர் கைவேலை. அவர் வசனத்துக்கு வசனம் மாற்றவில்லை. பூனையும் வைத்தியரும் இந்த நாட்டில் பிறந்தவர்கள் மாதிரியே பேசினார்கள். கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அவற்றைச் சிங்களத்திலேயே பார்த்துச் சிரித்தோம். மிருகம் எப்படிக் கதைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. குரல் சரியாக இருந்தால் சட்டம் தானாகவே உள்ளே இறங்கிவிடும்.

எங்கள் டப்பிங் அறையில் இதை ஒருமுறை சோதித்தும் பார்த்தோம். சவம் எழும்பி உட்கார்ந்து தன் செருப்பு எங்கே என்று கேட்கும் ஒரு காட்சி. ஒரு கலைஞர் அதை நகைச்சுவைக் குரலில், இழுத்து, கண்ணடிப்பது போலச் சொன்னார். இன்னொருவர் வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்பது மாதிரி, சாதாரணமாகக் கேட்டார். இரண்டையும் வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டினோம். சாதாரணக் குரலுக்குத்தான் அதிகம் சிரித்தார்கள். ஒரு பெண் சிரித்து முடித்துவிட்டு, "பாவம், செத்தது அவனுக்கு இன்னும் தெரியாது" என்றார். கண்ணடித்த குரலைக் கேட்டவர்களில் யாரும் "பாவம்" என்று சொல்லவில்லை. ஒரே காட்சி, ஒரே வசனம். சின்ன அறையில் கண்டதுதான், பொதுவிதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நான் எந்தக் கலைஞரிடமும் "கொஞ்சம் பகிடியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டதில்லை.

வயதுதான் காரணம், பெரியவர்களுக்கு இது பிடிக்காது, இளையவர்களுக்குப் பிடிக்கும் என்று அடிக்கடி சொல்வார்கள். இதை நான் சந்தேகிக்கிறேன். மர்மதேசம் தொண்ணூறுகளின் பிற்பாதியில் வந்தபோது பாட்டியும் பேரனும் சேர்ந்திருந்துதான் பார்த்தார்கள். அதன் கதைகளில் ஒன்றான 'விடாது கருப்பு'வில் குதிரையில் வருவது தெய்வமா, மனித மனத்தின் கோளாறா என்ற கேள்வியைக் கதை கடைசிவரை திறந்தே வைத்திருந்தது. நம்புகிறவரும் நம்பாதவரும் அவரவர் காரணத்துக்காக அடுத்த கிழமையும் வந்தார்கள். இந்திரா சௌந்தர்ராஜனின் கதையும் நாகாவின் இயக்கமும் அந்த இரட்டை வாசலைத் திட்டமிட்டே கட்டின என்று நினைக்கிறேன். வயதைவிட, யாரோடு இருந்து பார்க்கிறோம், அந்த இடத்தில் முதலில் வாய் திறப்பவர் யார் என்பதுதான் பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது. உங்கள் வீட்டில் அண்ணா "விசர்க்கதை" என்றது எத்தனையாவது நிமிடத்தில் என்று யோசித்துப் பாருங்கள். அது அம்மா எழும்புவதற்கு முன்பென்றால், அம்மாவின் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

அப்படியென்றால் எதிர்மறையாக எழுதுகிறவர்களைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லையா? எடுக்க வேண்டும், ஆனால் வகை பிரித்து. "விளங்கவில்லை" என்பதும் "நம்ப முடியவில்லை" என்பதும் "பிடிக்கவில்லை" என்பதும் மூன்று வேறு முறைப்பாடுகள். முதல் பகுதிக்கு "விளங்கவில்லை" என்று வந்தால் பெரும்பாலும் பொறுத்திருக்கலாம். நான்காம் பகுதிக்கும் அதுவே வந்தால் எழுதியவர்களின் கையில் பிழை. "நம்ப முடியவில்லை" என்பதை நான் மிகவும் மதிப்பேன். ஏனென்றால் மாயக்கதையில் யாரும் மாயத்தை நம்ப முடியவில்லை என்று உண்மையில் குறைசொல்வதில்லை. போட்ட சட்டத்தைத் தொடரே மீறும்போதுதான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம். நாயகனுக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒரு நாள் இரண்டு நிமிடம் கொடுத்தால் பார்வையாளர் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார், அதற்குப் பிறகு எந்த ஆபத்துக்கும் பயப்படமாட்டார். இன்னொன்று, "வேண்டுமென்றே விசித்திரமாக இருக்கப் பார்க்கிறது" என்ற முறைப்பாடு. முதல் பகுதியில் இது வந்தால் நான் தலையாட்ட மாட்டேன். மூன்று நான்கு பகுதிகளுக்குப் பிறகு வந்தால் பெரும்பாலும் அது சரி. அப்போது அந்தத் தொடரில் விசித்திரம் வெறும் அலங்காரமாகிவிட்டது, ஆட்களின் ஆசையும் பயமும் அதற்குள் இல்லை.

உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். நான்கு பகுதிகளை ஒரே இரவில் பார்த்த ஒருவரின் தீர்ப்பு, இருபது நிமிடம் பார்த்தவரின் தீர்ப்பைவிடக் கனமானது. அந்த ஒன்றுக்காகவே நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கும் ஒரு சோதனை உண்டு. அடுத்த பகுதியை ஏன் போட்டீர்கள்? "என்ன நடக்கும்" என்பதற்காகவா, "அவளுக்கு என்ன ஆகும்" என்பதற்காகவா? முதலாவது என்றால் தொடர் உங்களை நன்றாக இழுத்திருக்கிறது, அவ்வளவுதான், அந்தப் பிடி சீக்கிரம் தளரலாம். இரண்டாவது என்றால் ஆட்கள் பிறந்துவிட்டார்கள். யார் என்ன புள்ளி போட்டாலும் அந்தத் தொடர் உங்களோடு இருக்கும்.

புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது மூன்று பகுதிகள் கொடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிழமைக்கு ஒன்றாக வரும் தொடர்களில் முதல் பகுதிக்கு நேரமும் பணமும் அதிகம் கிடைக்கும். இரண்டாம் பகுதி, முதலாவதைத் தவறவிட்டவர்களுக்காகக் கதையைப் பாதி திருப்பிச் சொல்லும். மூன்றாவதில்தான் அதன் சாதாரண நாள் எப்படியிருக்கும் என்று தெரியும். மொத்தமாக வெளியாகும் தொடர்களில் இந்தக் கணக்குக் கொஞ்சம் மாறும், சிலவற்றில் முதல் இரண்டு பகுதிகளுமே மெதுவாக நகரும், அங்கே நான்குவரை போகலாம். அதற்குமேல் பொறுமை காட்டச் சொல்ல மாட்டேன். ஆறு பகுதி பார்த்தால் நல்லாயிருக்கும் என்று யாராவது சொன்னால், அந்த ஆறு மணித்தியாலம் உங்களுடையது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குத் திரும்பக் காட்ட விருப்பமென்றால் ஒரு போயா நாள் பிற்பகலைப் பாருங்கள், சமையல் முடிந்து அவர் கால்நீட்டி இருக்கும் நேரம். முன்கதை சொல்லாதீர்கள், ட்ரெய்லர் போடாதீர்கள், "பாருங்கோ, இப்ப பகிடி வரும்" என்று எச்சரிக்கவும் வேண்டாம். தமிழ் டப்பிங்கும் சப்டைட்டிலும் இரண்டும் இருந்தால், இரண்டிலும் ஐந்து நிமிடம் நீங்கள் முன்கூட்டியே பார்த்து, எதில் ஆட்கள் ஆட்களாகப் பேசுகிறார்களோ அதைப் போடுங்கள். அண்ணாவை அன்றைக்கு மட்டும் வேறு வேலைக்கு அனுப்பிவிடலாம். அதற்குப் பிறகும் அம்மா எழும்பிப் போனால், அது அவருக்கான தொடரல்ல, விட்டுவிடுங்கள். நீங்கள் இணையத்தில் எழுதும்போது எத்தனையாவது பகுதி வரை பார்த்திருக்கிறீர்கள், எந்த மொழியில் பார்த்தீர்கள் என்ற இரண்டையும் முதல் வரியிலேயே போடுங்கள். என்னைப் போல அடுத்ததாக வந்து வாசிக்கிற ஆளுக்கு உங்கள் பத்துப் புள்ளியைவிட அந்த இரண்டு தகவலும்தான் உதவும்.